ஷெரீப் என்ற வரியை வெறுமையாக விடாதீர்கள்: அமெரிக்கத் தமிழ் வாக்காளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்கக் குடியுரிமையும் அதனுடன் வாக்குரிமையும் பெற்றுவிட்ட தமிழ் உறவுகளுக்கு,

வணக்கம்.

2022 நவம்பர்த் தேர்தலில் கலிபோர்னியாவின் சான்டா கிளாரா கவுன்டியில் (கவுன்டி என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) ஒரு வாக்களிப்பு மையத்தில் பணியாளராக இருந்தேன். ஒரு மாலை நம்மவர் ஒருவர் வாக்குச்சீட்டை விரித்துப் பிடித்தபடி என் மேசைக்கு வந்தார். குடியுரிமை உறுதிமொழி எடுத்து ஓராண்டுகூட ஆகவில்லை என்றும், இதுவே முதல் வாக்கு என்றும் முகமெல்லாம் மலரச் சொன்னவர், சீட்டின் கீழ்ப்பகுதியில் விரலை வைத்து, "அக்கா, கவர்னர் தெரியும், செனட்டர் தெரியும். இந்த ஷெரீப் யாரு? நம்ம ஊர் போலீசுக்கு மேலே இருக்கறவரா, கீழே இருக்கறவரா?" என்று கேட்டார். அந்த மேசையில் அமர்ந்துகொண்டு எந்தப் பதவியைப் பற்றியும் நான் கருத்துச் சொல்லக் கூடாது. வேட்பாளர் அறிக்கைகள் அடங்கிய கையேட்டை எடுத்துக் கொடுத்தேன். குழந்தையை வகுப்பிலிருந்து அழைத்துவர வேண்டும் என்று கடிகாரத்தைப் பார்த்தார். "அப்ப இதை மட்டும் விட்டுடறேன்" என்று சொல்லிவிட்டுச் சென்றார்.

அவருக்கு அன்று சொல்ல முடியாமல் போனதை இந்த மடலில் எழுதுகிறேன். அவரைப் போலவே அந்த வரியைத் தாண்டிச் சென்ற, இனியும் தாண்டிச் செல்லக்கூடிய அனைவருக்கும் இது உரியது.

நம்மில் பலருக்கு இச்சொல் தவறான இரண்டு வழிகளில் அறிமுகமாகியிருக்கிறது. ஒன்று, குதிரைமேல் வரும் நட்சத்திரச் சின்னக்காரர். மற்றொன்று, ஒரு காலத்தில் சென்னை மாநகரில் இருந்த ஷெரீப் பதவி. பெருமக்கள் ஒருவருக்கு மரியாதைக்காக அளிக்கப்பட்டு, விமான நிலையத்தில் விருந்தினரை வரவேற்பதோடு முடிந்துவிட்ட பதவி அது. அமெரிக்கக் கவுன்டி ஷெரீப் இந்த இருவரும் அல்லர். பழைய இங்கிலாந்தில் ஷையர் என்னும் வட்டாரத்தில் மன்னர் சார்பில் வரி தண்டி, அமைதி காத்து, நீதிமன்றத்தின் ஆணையை நிறைவேற்றியவர் ரீவ் எனப்பட்டார். நம் ஊர் மணியக்காரரை மனத்தில் வைத்துக்கொண்டால் ஏறத்தாழச் சரியாக இருக்கும். ஷையர் ரீவ் என்ற அச்சொல்லே திரிந்து ஷெரீப் ஆயிற்று. இங்கிலாந்து மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பிட்ட 1215ஆம் ஆண்டின் மாக்னா கார்ட்டா சாசனமே ஷெரீப்புகளின் அத்துமீறலைக் கட்டுப்படுத்தப் பல பிரிவுகளை ஒதுக்கியது என்றால், இந்தப் பதவியின் அதிகாரம் பற்றிய கவலை நேற்றுத் தோன்றியதன்று என்பது விளங்கும். அமெரிக்கா அப்பதவியை எடுத்துக்கொண்டபோது ஒரு பெரிய மாற்றம் செய்தது: மன்னர் நியமித்த இடத்தில், மிகப் பெரும்பாலான மாநிலங்களில், மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கலாயினர். இன்று இந்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஷெரீப்புகள் இருக்கிறார்கள். நகரக் காவல் தலைவரைப் பெரும்பாலும் நகர நிர்வாகம் நியமிக்கிறது. மத்தியப் புலனாய்வுத் துறையின் இயக்குநரை ஜனாதிபதி நியமிக்கிறார். கையில் விலங்கும் இடுப்பில் துப்பாக்கியும் கொண்ட படைக்குத் தலைமை தாங்குபவரை நாமே நேராகத் தேர்ந்தெடுப்பது அனேகமாக இந்த ஒரு பதவியில்தான்.

நான் குப்பர்டினோவில் குடியிருக்கிறேன். இந்நகருக்கென்று தனியாகக் காவல் துறை கிடையாது. நகராட்சி கவுன்டி ஷெரீப்புடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, பணம் கொடுத்து, டெபுடிகள் எனப்படும் அவருடைய காவலர்களின் காவலைப் பெறுகிறது. அண்டை ஊரான சாரட்டோகாவிலும் இதே ஏற்பாடுதான். எங்கள் வடக்கு எல்லையில் ஹோம்ஸ்டெட் சாலை ஓடுகிறது. அதன் தென்புறத்தில் கார்க் கண்ணாடி உடைக்கப்பட்டால் ஷெரீப்பின் டெபுடி வருவார். சாலையைக் கடந்து அப்புறம் உடைக்கப்பட்டால் சன்னிவேலின் சொந்தப் பொதுப் பாதுகாப்புத் துறை வரும். இரண்டு பக்கமும் ஒரே மரங்கள், ஒரே மளிகைக் கடைக்கு வரும் மக்கள். ஆனால் காவல் சரியில்லை என்று முறையிட வேண்டுமானால் வடபுறத்தார் தம் நகர மன்றத்திடம் போகலாம். அதற்குக் கீழ்ப்பட்டவர்தான் அவர்களுடைய காவல் தலைவர். தென்புறத்தில் இருக்கும் எங்களுக்கு நகர மன்றம் ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசலாமே தவிர, ஷெரீப்புக்கு ஆணையிட முடியாது. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் மறுபுறத்தில், நம்மவர் நிறைந்த டப்ளின் நகரில் காவல் வண்டிகளின்மேல் நகரின் பெயரே எழுதியிருக்கும். உள்ளே அமர்ந்திருப்பவர் அலமேடா கவுன்டி ஷெரீப்பின் டெபுடி. வண்டியில் எழுதியிருப்பதை வைத்து அதிகாரம் யாருடையது என்று முடிவு கட்டிவிடலாகாது.

சொந்தக் காவல் துறை உள்ள நகரங்களில் ஷெரீப்புக்கு வேலையில்லை என்றும் எண்ண வேண்டாம். கலிபோர்னியாவில் அவருடைய அதிகார எல்லை கவுன்டி முழுவதும் பரவியது. நகர எல்லைக்குள்ளும் அவர் கைது செய்யலாம். நடைமுறையில் நகரங்களை அவற்றின் காவலருக்கு விட்டுவிட்டு, எந்த நகராட்சியிலும் சேராத பகுதிகளைத் தாம் நேரடியாகக் காக்கிறார். அதைவிட முக்கியமானது, நீங்கள் எந்த நகரில் இருந்தாலும் உங்களைத் தொடும் மூன்று நான்கு பொறுப்புகள் அவரிடம் இருப்பது. நீதிமன்றக் கட்டடத்தின் காவல் அவருடையது. நீதிமன்றத் தீர்ப்புகளை நிறைவேற்றும் கையும் அவருடையதுதான். என் தோழி ஒருத்தியின் அடுக்ககத்தில், எதிர்வீட்டுக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். ஐந்து நாளுக்குள் வெளியேறாவிட்டால் ஷெரீப் வந்து வெளியேற்றுவார் என்று அதில் இருந்தது. கதவுக்கு வெளியே ஒரு குழந்தையின் மழைக்காலச் சப்பாத்துகள் ஜோடியாக வைக்கப்பட்டிருந்தன. வழக்குத் தொடுத்தவர் வீட்டுக்காரர், தீர்ப்பளித்தவர் நீதிபதி. ஆனால் கதவைத் தட்டிப் பூட்டை மாற்றச் செய்யும் அதிகாரம் ஷெரீப்புக்கு மட்டுமே உண்டு. வீட்டுக்காரர் தாமாகப் பூட்டை மாற்றினால் அதுவே சட்டமீறல். நம்மில் வாடகைக்கு இருப்போரும் உண்டு, வாடகைக்கு விடுவோரும் உண்டு. இருவருமே இதை அறிந்திருக்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, சிறை. சான் ஹோசேயின் ஹெட்டிங் தெருவில் உள்ள முதன்மைச் சிறையும், மில்பிடாஸில் உள்ள எல்ம்வுட் சிறையும் எங்கள் ஷெரீப்பின் பொறுப்பில் உள்ளவை. எல்ம்வுட்டைத் தாண்டித்தான் நம்மில் பலர் நாள்தோறும் வேலைக்குப் போகிறோம். உள்ளே இருப்பவர்களைப் பற்றி நினைப்பதில்லை. கவுன்டிச் சிறையில் இருப்பவர்களில் பெரும்பகுதியினர் தண்டனை பெற்றவர்கள் அல்லர், விசாரணைக்காகக் காத்திருப்பவர்கள். சட்டத்தின் கண்ணில் அவர்கள் இன்னும் குற்றமற்றவர்கள். 2015 ஆகஸ்டில் எங்கள் முதன்மைச் சிறையில் மனநோயால் அவதிப்பட்ட ஒரு கைதி அடித்துக் கொல்லப்பட்டார். சிகிச்சை இல்லத்தில் ஓர் இடம் காலியாகும்வரை சிறையில் வைக்கப்பட்டிருந்தவர் அவர். மூன்று சிறைக் காவலர்கள்மீது வழக்கு நடந்தது. 2017இல் ஜூரி அவர்களை இரண்டாம் நிலைக் கொலைக்குக் குற்றவாளிகள் என்றது. பின்னர் இடையில் மாறிய சட்டத்தைக் காட்டி மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்துச் செய்தது. வழக்கின் நுணுக்கங்களை வழக்கறிஞர்கள் பேசட்டும். படுக்கை ஒன்று கிடைக்காததால் சிறையில் வைக்கப்பட்ட ஒரு நோயாளி உயிருடன் வெளியே வரவில்லை என்பதை என்னால் மறக்க முடியவில்லை.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. சிறையில் ஒருவர் இறந்தால், அவர் எப்படி இறந்தார் என்று முடிவு செய்பவர் யார்? கலிபோர்னியாவின் 58 கவுன்டிகளில் மிகப் பெரும்பாலானவற்றில் ஷெரீப்பே மரண விசாரணை அதிகாரியாகவும் இருக்கிறார். ஃப்ரீமான்ட்டும் டப்ளினும் அடங்கிய அலமேடா கவுன்டியிலும் இந்த இரு பதவிகளும் ஒருவரிடமே உள்ளன. உடலை அறுத்துப் பார்ப்பவர் மருத்துவர்தாம். ஆனால் மரணம் கொலையா, விபத்தா, இயற்கையா என்று பதிவேட்டில் எழுதும் அதிகாரம் ஷெரீப்பின் அலுவலகத்தில் இருக்கிறது. 2017இன் இறுதியில் சான் வாக்கீன் கவுன்டியில், அமெரிக்கக் கால்பந்து வீரர்களின் மூளைச் சேதத்தைக் கண்டறிந்து உலகப் புகழ்பெற்ற மருத்துவர் பென்னட் ஒமாலு, தம் முடிவுகளில் ஷெரீப் தலையிடுவதாகக் குற்றம் சாட்டிப் பதவி விலகினார். ஷெரீப் அதை மறுத்தார். ஆயினும் அடுத்த ஆண்டே அக்கவுன்டியை நிர்வகிக்கும், மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட மேற்பார்வையாளர் குழு இரு பதவிகளையும் பிரித்தது; அதே ஆண்டுத் தேர்தலில் அந்த ஷெரீப் தோற்றார். எங்கள் கவுன்டியில் 2016இலேயே மரண விசாரணை அலுவலகம் ஷெரீப்பின் கையிலிருந்து எடுக்கப்பட்டது. ஒரு ஷெரீப் நல்லவரா கெட்டவரா என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. தம் காவலில் இறந்தவரின் மரணத்துக்குத் தாமே காரணம் எழுதும் நிலையில் எந்த நல்லவரையும் நாம் வைக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

இவ்வளவு அதிகாரம் உள்ளவரைத் தட்டிக்கேட்பவர் யார்? இக்கேள்விக்கு விடை தேடியபோதுதான், அந்த இளைஞர் வெறுமையாக விட்ட வரி எவ்வளவு பெரியது என்று எனக்கே முழுமையாக விளங்கியது. கவுன்டியின் மேற்பார்வையாளர் குழு ஷெரீப்பின் பட்ஜெட்டை நிர்ணயிக்கிறது. ஆனால் அவருடைய புலனாய்வுப் பணியில் குறுக்கிடக் கூடாது என்று மாநிலச் சட்டமே சொல்கிறது. மாநில அரசியலமைப்பு ஷெரீப்புகளை மாநிலத் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரலின் மேற்பார்வையில் வைத்திருக்கிறது. அன்றாட நடைமுறையில் அந்த மேற்பார்வை தொலைவில் உள்ள ஒன்று. 2020இல் நிறைவேறிய ஒரு சட்டத்தின்படி, சம்மன் அனுப்பும் அதிகாரத்துடன் கண்காணிப்புக் குழுவைக் கவுன்டிகள் அமைத்துக்கொள்ளலாம். கேட்கலாம், ஆவணம் கோரலாம், அறிக்கை வெளியிடலாம். பதவியை விட்டு நீக்கத்தான் முடியாது.

எங்கள் கவுன்டியிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. 1998இல் லாரி ஸ்மித் கலிபோர்னியாவில் ஷெரீப்பாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் என்ற பெருமையுடன் பதவிக்கு வந்தார். மீண்டும் மீண்டும் வென்று இருபது ஆண்டுகளுக்கு மேல் பதவியில் இருந்தார். துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லும் உரிமம் வழங்கும் அதிகாரமும் ஷெரீப்புக்கு உண்டு. அவ்வுரிமங்கள் நன்கொடையாளர்களுக்கும் செல்வாக்குள்ளவர்களுக்கும் எளிதாகக் கிடைத்தன என்ற புகார் எழுந்தது. 2021இல் மேற்பார்வையாளர் குழு அவர்மீது நம்பிக்கை இல்லை என்று தீர்மானம் நிறைவேற்றியது. அவர் மறுநாளும் அலுவலகம் சென்றார்; அத்தீர்மானத்துக்கு அவரை நீக்கும் வலிமை இல்லை. பின்பு சிவில் கிராண்ட் ஜூரி என்னும் குடிமக்கள் விசாரணைக் குழு முறைப்படி குற்றச்சாட்டுப் பதிவு செய்து, நீதிமன்றத்தில் வாரக்கணக்கில் விசாரணை நடந்து, 2022 அக்டோபர் 31 அன்று அவர் பதவி விலகிய சில நாள்களில் ஜூரி அவரை ஆறு குற்றச்சாட்டுகளில் குற்றவாளி என்று தீர்த்தது. ஒரு நகரக் காவல் தலைவராக இருந்திருந்தால் நிர்வாகம் ஒரே கடிதத்தில் முடித்திருக்கக்கூடிய காரியத்துக்குத்தான் இத்தனை ஏற்பாடும் தேவைப்பட்டது. அந்த 2022 தேர்தலில் நான் மேசையில் இருந்தபோது வாக்குச்சீட்டில் இருந்தது அவருக்கு அடுத்து யார் என்ற கேள்வி.

லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டியின் அனுபவம் இன்னும் பெரியது, ஏனெனில் நாட்டிலேயே மிகப் பெரிய ஷெரீப் துறை அதுதான். அங்கே லீ பாகா என்ற முன்னாள் ஷெரீப் சிறை முறைகேடுகள் பற்றிய மத்தியப் புலனாய்வைத் தடுத்ததற்காக 2017இல் தண்டிக்கப்பட்டார். பின்வந்த ஒருவர் கண்காணிப்பு ஆணையத்தின் சம்மன்களை ஏற்க மறுத்தார். 2022 நவம்பரில் அக்கவுன்டி மக்கள் ஒரே நாளில் இரண்டு காரியம் செய்தார்கள்: அவரைத் தோற்கடித்தார்கள், ஐவர் அடங்கிய மேற்பார்வையாளர் குழுவில் நால்வர் ஒப்பினால் தக்க காரணத்தின்பேரில் ஷெரீப்பை நீக்கலாம் என்ற திருத்தத்தையும் நிறைவேற்றினார்கள். 2025 மார்ச்சில் சான் மேட்டியோ கவுன்டி வாக்காளர்களும் தம் குழுவுக்கு அத்தகைய அதிகாரத்தைக் கொடுத்தார்கள்.

மற்றொரு பக்கம், தம் அதிகாரத்துக்கு எல்லையே இல்லை என்று கருதும் ஷெரீப்புகளும் உண்டு. கவுன்டிக்குள் ஜனாதிபதியைவிடவும் ஷெரீப்பே உயர்ந்தவர், எந்தச் சட்டம் அரசியலமைப்புக்கு ஒத்தது என்று அவரே முடிவு செய்யலாம் என்ற கொள்கையைப் பரப்பும் இயக்கம் ஒன்று இந்நாட்டில் இருக்கிறது. அதன் முன்னோடிகளில் ஒருவரான ரிச்சர்ட் மேக், அரிசோனாவின் கிரஹாம் கவுன்டி ஷெரீப்பாக இருந்தவர். துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியை உள்ளூர் அதிகாரிகள் ஆராய வேண்டும் என்ற பிரேடி சட்டத்தின் பிரிவை எதிர்த்து அவரும் மொன்டானாவின் ஜே பிரின்ட்ஸ் என்ற ஷெரீப்பும் தொடுத்த வழக்கில், 1997இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு சொன்னது ஒன்றே: மத்திய அரசு தன் திட்டத்தை நிறைவேற்றும் வேலையை உள்ளூர் அதிகாரியின் தலையில் கட்ட முடியாது. மத்தியச் சட்டத்தை ஷெரீப் செல்லாததாக்கலாம் என்று அதில் எங்கும் இல்லை. உங்கள் கவுன்டி வேட்பாளர் ஒருவர் இந்த வழக்கைக் காட்டித் தமக்குப் பேரதிகாரம் உண்டென்று பேசினால், இந்த வேறுபாட்டை அவரிடம் பணிவாகவும் உறுதியாகவும் கேளுங்கள்.

குடியேறிகளான நமக்கு அரிசோனாவின் மாரிகோப்பா கவுன்டி மறக்கக் கூடாத பாடம். ஜோ அர்பையோ அங்கே ஆறு முறை வென்று 24 ஆண்டுகள் ஷெரீப்பாக இருந்தார். பாலைவன வெயிலில் கூடாரங்களில் கைதிகளை அடைத்துவைத்தார். அவருடைய துறை லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரைத் தோற்றம் பார்த்தே சாலையில் நிறுத்தியது என்று 2013இல் மத்திய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆணையை மீறியதற்காக 2017இல் அவர் நீதிமன்ற அவமதிப்புக் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டார். அடுத்த மாதமே ஜனாதிபதி அவருக்கு மன்னிப்பு வழங்கினார். நீதிமன்றத் தீர்ப்பு அவரைப் பதவியிலிருந்து இறக்கவில்லை. 2016இல் வாக்காளர்களே இறக்கினார்கள். பழுப்பு நிறத் தோலும் கனத்த உச்சரிப்பும் கொண்ட நாம், அந்தச் சாலையில் நிறுத்தப்பட்டவர்களிடமிருந்து வெகுதூரத்தில் இல்லை. ஒரு ஷெரீப் மத்தியக் குடிவரவுத் துறையுடன் ஒப்பந்தம் செய்து, தம் டெபுடிகளைக் குடிவரவு அதிகாரிகளாகச் செயல்பட வைக்கும் வழி 1996ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. கலிபோர்னியா 2017இல் இயற்றிய சட்டம் இங்கே அதைத் தடுக்கிறது. பல மாநிலங்களில் அப்படித் தடையில்லை. ஷெரீப் தாமே கையெழுத்திடலாம். விசாவில் இருக்கும் உங்கள் தம்பியும் மருமகனும் சாலையில் நிறுத்தப்படும்போது அந்தக் கையெழுத்தின் பொருள் தெரியும்.

நான் கலிபோர்னியாவைப் பற்றியே அதிகம் எழுதினேன். மாநிலத்துக்கு மாநிலம் இப்பதவி வேறுபடுவதால் உங்கள் ஊரில் நிலை என்ன என்று விசாரித்துக்கொள்ளுங்கள். வர்ஜீனியாவின் லவுடன் கவுன்டியில், ஆஷ்பர்னில் வசிக்கும் தமிழர்களுக்கு ஷெரீப்பே காவல். பக்கத்து ஃபேர்ஃபேக்ஸ் கவுன்டியில் காவலுக்கு நியமிக்கப்பட்ட தலைவர் வேறு, சிறைக்கும் நீதிமன்றத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஷெரீப் வேறு. நியூ ஜெர்சியில் எடிசன் போன்ற ஊர்களில் தெருக்காவல் நகரத்துடையது. மூன்றாண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கப்படும் ஷெரீப் நீதிமன்றக் காவலையும் ஆணை நிறைவேற்றத்தையும் பார்க்கிறார். டெலவேரில் ஷெரீப்புக்குக் கைது செய்யும் அதிகாரமே இல்லை என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 2013இல் உறுதிப்படுத்தியது. நியூ யார்க் நகரில் ஷெரீப் நிதித் துறையின் கீழ்ப் பணியாற்றும் ஒரு நியமன அதிகாரி. கனெக்டிகட் 2000இல் அப்பதவியையே ஒழித்துவிட்டது. டெக்சாஸின் 254 கவுன்டிகளிலும் நான்காண்டுக்கு ஒருமுறை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள்.

என் வேண்டுகோள் இதுதான். யாருக்கு வாக்களியுங்கள் என்று நான் சொல்லவில்லை. வாரயிறுதியில் தமிழ்ப் பள்ளி வாசலில் காத்திருக்கும்போது அமெரிக்க ஜனாதிபதியைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறோம். அந்த அரை மணி நேரத்தில் ஒருமுறை ஷெரீப்பைப் பற்றிப் பேசுங்கள். சங்க விழாவுக்கு வேட்பாளர் வந்தால், பொன்னாடை போர்த்திப் படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள்: உங்கள் சிறையில் சென்ற ஆண்டு எத்தனை பேர் இறந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் விசாரணைக் கைதிகள்? அந்த மரணங்களின் காரணத்தை எழுதியவர் யார்? கண்காணிப்புக் குழு கேட்கும் ஆவணங்களை வழக்காடாமல் தருவீர்களா? குடிவரவுத் துறைக்கு எந்தச் சூழலில் ஒருவரை ஒப்படைப்பீர்கள்? மழுப்பலான விடையும் ஒரு விடைதான், அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வர்ஜீனியாவின் கவுன்டிகளில் ஷெரீப் தேர்தல் 2027 நவம்பரில் வருகிறது. கலிபோர்னியாவின் பெரும்பாலான கவுன்டிகளில், ஷெரீப் தேர்தலை ஜனாதிபதித் தேர்தல் ஆண்டுக்கு மாற்றும் சட்டம் 2022இல் நிறைவேறியதால், அவ்வாண்டு வென்றவர்களுக்கு ஒரு முறைக்கு மட்டும் ஆறாண்டுப் பதவிக்காலம் கிடைத்தது. அடுத்த தேர்தல் 2028இல். முதற்கட்டத் தேர்தலிலேயே ஒருவர் பாதிக்கு மேல் வாக்குப் பெற்றுவிட்டால் நவம்பருக்கு வேலையே இல்லை என்பதால், நவம்பரில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட வேண்டாம். அன்றும் நான் அந்த மேசையில் இருப்பேன். அன்றும் இதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்ல எனக்கு அனுமதி இராது.

இப்படிக்கு,
சான்டா கிளாரா கவுன்டியிலிருந்து
உங்களுள் ஒருத்தி